மதிலுக்கு முன் ஒரு மாரி

அச்சுவேலியிலும் அயலூர்களிலும் வேலியைப் பிரித்து மதில் கட்ட நாள் பார்த்திருக்கும் வளவுக்காரருக்கு,

ஆவணி பிறந்துவிட்டது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து வந்த பிள்ளைகள் நல்லூர்த் திருவிழாவைப் பார்த்து, வளவையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, "உந்தப் பத்தையை வெட்டி எறிஞ்சுபோட்டு மதிலைக் கட்டுங்கோ அம்மா, காசு நான் அனுப்பிறன்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறுகிற காலம். மேசன்மாருக்குக் கை ஓயாத காலமும் இதுதான். ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால் அத்திவாரக் கிடங்கில் தண்ணீர் நிற்கும் என்பதால் எல்லோருக்கும் அவசரம்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மாரி பொறுங்கள். பங்குனியில் கட்டுங்கள். அதற்கிடையில் உங்கள் வேலியில் காய்த்துப் பழுக்கிறதை எல்லாம் விதையாக எடுத்து வைத்துவிடலாம்.

மதிலே வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. வேலி வைத்திருப்பவருக்குத்தான் வேலியின் பாடு தெரியும். கிடுகு விலை ஏறிவிட்டது. பனையோலை வெட்டிக் கட்டி அடைக்கத் தெரிந்தவர்கள் வயதாகி மூலையில் இருந்துவிட்டார்கள். கதியால் ஒன்று பட்டுப்போனால் அந்தப் பொட்டுக்குள்ளால் அயல்வீட்டு ஆடு வரும், ஆட்டுக்குப் பின்னால் வாய்த்தர்க்கம் வரும். வருடத்துக்கு ஒரு விரற்கடை நகர்ந்த கதியால் தலைமுறை கழித்துக் காணி வழக்காகி நீதிமன்றம் ஏறிய கதை எங்கள் பக்கத்தில் எந்த ஒழுங்கையில் கேட்டாலும் கிடைக்கும். பிள்ளைகள் எல்லாம் வெளியில், வயதான தாய் மட்டும் தனியே இருக்கிற வீட்டுக்கு மதிலும் இரும்புக் கேற்றும் தருகிற நிம்மதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வேலி என்றால் பாம்பு வரும் என்ற கதையை மட்டும் ஏற்கமாட்டேன். மதிலுக்கென்று பறித்த கல்லுக்குள்ளும் பாம்பு படுக்கத்தான் செய்கிறது.

என் குறை எல்லாம் ஆவணியில் வேலியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில்தான். சோளகம் அடித்து அடித்து இலையெல்லாம் உதிர்ந்து, கொடி எது சுள்ளி எது என்று தெரியாமல், செம்மண் புழுதி படிந்து கிடக்கிற நேரத்தில் எந்த வேலியும் குப்பையாகத்தான் தெரியும். முடக்கொத்தான் செத்து மடிந்து விதையாக மண்ணில் கிடக்கும். கார்த்திகைப்பூ மண்ணுக்கு மேல் தலைகாட்டவே மாட்டாது, கிழங்காக உள்ளே உறங்கும். அதே வேலியைக் கார்த்திகை மாதத்தில் வந்து பாருங்கள். கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் துளிர்த்து நிற்க, அவற்றில் தூதுவளை முள்ளை மாட்டிக்கொண்டு ஏறும். குறிஞ்சா சுற்றும். முசுட்டை வெள்ளையாய்ப் பூக்கும். கொவ்வையும் மொசுமொசுக்கையும் ஒன்றின்மேல் ஒன்று படரும். கீழே தவசிமுருங்கையும் பிரண்டையும், நிலத்தோடு சாறணையும். வெளிநாட்டுப் பிள்ளை பார்த்தது இந்த வேலியை அல்ல. அது வருகிற மாதம் வேறு.

இவற்றில் ஒன்றையாவது நாங்கள் காசு கொடுத்து விதை வாங்கி நட்டதுண்டா? ஆச்சிமார் நட்டார்களா என்றால் அதுவும் பெரும்பாலும் இல்லை. கதியால் மட்டும்தான் மனிதக் கை போட்டது. மற்றவற்றில் பல குயிலும் செண்பகமும் புலுனியும் அணிலும் கொண்டுவந்து போட்டவை. பழத்தைத் தின்ற குருவி வந்து இருக்கக் கொப்பு வேண்டும். எச்சத்தோடு விழுந்த விதைக்குக் கொஞ்சம் நிழலும் சருகு மூடிய மண்ணும் வேண்டும். முளைத்த கொடிக்குப் பற்றி ஏற ஏதாவது வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்து கிடைத்த இடம் வேலி ஒன்றுதான். தோட்டத்துக்குள் முளைத்தால் களை என்று பிடுங்குவோம். முற்றத்தில் முளைத்தால் கூட்டிப் பெருக்கும் விளக்குமாற்றுக்குத் தப்பாது. வேலியோரத்தில் மட்டும்தான் "இருக்கட்டும்" என்று விட்டோம். அப்படி விட்டதில்தான் எங்கள் சமையலறையின் பாதி இலைகள் தப்பிப் பிழைத்தன.

முசுட்டை வறை, குறிஞ்சா வறை, தூதுவளைச் சம்பல், முடக்கொத்தான் இரசம் என்று நான் அடுக்கத் தொடங்கினால் இது சமையல் குறிப்பாகிவிடும். இலைக்கஞ்சியை மட்டும் சொல்லுகிறேன். வேலியை ஒரு சுற்றுச் சுற்றி, கைக்கு எட்டிய இலையெல்லாம் ஒரு பிடி ஒரு பிடியாக ஆய்ந்து, இடித்துச் சாறெடுத்து, கொதிக்கிற அரிசிக் கஞ்சிக்குள் விட்டு, தேங்காய்ப்பாலும் தேசிப்புளியும் சேர்த்து இறக்குகிற கஞ்சி அது. ஒரே இலையில் அது வராது. ஐந்தாறு இலையாவது சேர வேண்டும், அதுவும் ஒரே நேரத்தில் கைக்குக் கிடைக்க வேண்டும். மதில் கட்டிய வீட்டில் இலைக்கஞ்சி காய்ச்ச நினைத்தால் சந்தைக்குப் போக வேண்டும். சந்தையில் வல்லாரையும் பொன்னாங்காணியும் கட்டுக் கட்டாக இருக்கும். முசுட்டையும் குறிஞ்சாவும் ஆராவது ஒரு அம்மா வேலியில் பறித்துச் சுளகில் வைத்திருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அந்த அம்மாவின் வீட்டுக்கும் மதில் வந்துவிட்டால்?

எங்கள் வேலிகள் இவ்வளவு காலம் நின்றதற்கு எங்கள் நல்ல மனம் மட்டும் காரணமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1990இல் போர் மறுபடி தொடங்கியபின் வந்த பொருளாதாரத் தடைக்காலத்தை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். யூரியாவும் பற்றரியும் மண்ணெண்ணெயும் போலச் சீமெந்தும் அந்தத் தடைப்பட்டியலில் இருந்தது. வீட்டுச் சுவர் வெடித்தாலே பூசச் சீமெந்து இல்லாத காலத்தில் மதிலை எவர் கட்டுவார்? வேலி நின்றது. யூரியா இல்லாத தோட்டத்துக்கு வேலிப் பூவரசின் குழை வெட்டித் தாட்டோம். சந்தையில் ஒன்றும் இல்லாத நாளில் வேலி இலையில் ஒரு வறை இருந்தது.

பிறகு 1995 ஒக்ரோபர் வந்தது. படை நடவடிக்கை அச்சுவேலி, புத்தூர், நீர்வேலி என்று எங்கள் தெருக்களால்தான் இறங்கியது. மாதக் கடைசியில், 30ஆம் திகதி, வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் நடந்தது. அந்த இரவில் வெண்டி விதை, புடலை விதை என்று எடுக்க எவருக்கு நேரம் இருந்தது? அடுப்புக்கு மேல் தொங்கிய சுரைக்குடுக்கைகள் வீட்டோடு கிடந்தன. அடுத்த வருடம் சித்திரை, வைகாசியில் திரும்பி வந்தபோது, ஆள் நடமாட்டமில்லாத ஒரு மாரி முழுவதும் நனைந்த வளவுகள் பத்தைக்காடாக நின்றன. வீட்டுக்குள் சேர்த்து வைத்த விதை அழிந்த வீடுகளிலும் வேலியில் கிடந்த விதை முளைத்திருந்தது.

பக்கத்து வளலாயின் கதை இன்னும் நீளம். 1990இல் இடம்பெயர்ந்தவர்களின் காணிகளில் ஒரு பகுதி உயர்பாதுகாப்பு வலயத்திலிருந்து விடுபட்டது 2015 மார்ச்சில். இருபத்தைந்து வருடம். கிணற்றையும் பெருமரங்களையும் வைத்துத்தான் எது தங்கள் காணி என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது பலருக்கு. அதே 2015இல் உலகின் இன்னொரு மூலையில் நடந்ததை இதோடு வைத்துப் பார்ப்பதுண்டு நான். சிரியாவில் அலெப்போ நகருக்குத் தெற்கே இக்கார்டா என்ற சர்வதேச வேளாண் ஆய்வு நிலையம் வறண்ட நிலத்துக் கோதுமை, பார்லி, கடலை, பருப்பு வகைகளின் விதையைப் பெருந்தொகையாகச் சேர்த்து வைத்திருந்தது. போர் அங்கும் வந்தது. நிலையத்தார் விட்டுவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. ஆனால் அதற்கு முன்னரே தங்கள் விதையில் பெரும்பங்கின் இன்னொரு பிரதியை நோர்வேயின் வட துருவத் தீவுக்கூட்டமான சுவல்பாட்டில் உள்ள விதைக் காப்பகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். 2008இல் திறந்த அந்தக் காப்பகத்திலிருந்து முதன்முதலாக விதையைத் திருப்பி எடுத்தவர்கள் அவர்கள்தான். லெபனானிலும் மொரோக்கோவிலும் விதைத்துப் பெருக்கினார்கள், பெருகியதில் ஒரு பங்கைத் திரும்பவும் சுவல்பாட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். கோதுமைக்கும் பார்லிக்கும் அப்படி ஒரு பின்பலம் இருந்தது. எங்கள் நாட்டில் நெல்லுக்கும் மரக்கறிக்கும் கன்னொறுவையில் தாவர மரபுவளங்கள் நிலையம் இருக்கிறது, 1988இல் ஜப்பானிய உதவியோடு தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் அச்சுவேலி ஒழுங்கையில் நிற்கிற முசுட்டைக்கு இன்னொரு பிரதி வேண்டுமென்றால் அடுத்த ஒழுங்கையில்தான் இருக்க வேண்டும். அந்த ஒழுங்கையிலும் மதில் எழும்புகிறது.

போர் அழிக்காத வேலியைச் சமாதானம் அழித்தது என்று எழுதினால் கொஞ்சம் கூடிப்போகும். ஆனாலும் நடந்த வரிசை அதுதான். 2002இல் ஏ-9 வீதி திறந்தது, லொறியில் சீமெந்து வந்தது. 2006 ஆகஸ்ரில் வீதி மூடியது, மதில்களும் அரைகுறையில் நின்றன. போர் முடிந்து வீதி நிலையாகத் திறந்தபின் நடந்ததை எல்லோரும் கண்ணால் காண்கிறோம். முதலில் தெருப்பக்கம், பிறகு பக்கவேலி, கடைசியாகக் கோடிப்பக்கம். காசு காணாதவர்கள் தகரம் அடித்தார்கள். தகரத்தில் கொடி ஏறினால் பங்குனி வெயிலில் அவிந்துபோகும்.

மதில் கட்டிய இடத்தில் ஒன்றும் முளைக்காது என்று மட்டும் நினைக்காதீர்கள். அத்திவாரம் மூடிய கிளறிய மண்ணில் முதலில் வருவது பார்த்தீனியம். இந்திய அமைதிப்படையினர் இறைச்சிக்காகக் கொண்டுவந்த ஆடுகளோடு வந்த செடி என்று ஊரில் சொல்வார்கள். அது எப்படி வந்திருந்தாலும், ஒரு செடி பதினையாயிரத்துக்கு மேல் விதை போடும். தொட்டால் சிலருக்குத் தோல் எரியும், மாடு தின்றால் பால் கசக்கும். விதை சேர்க்க, காயவைக்க, பெயர் எழுதி வைக்க அதற்கு எவரும் தேவையில்லை. லொறிச் சில்லில் ஒட்டியும் கட்டுமான மண்ணோடும் தானாகவே ஊர் மாறும். குறிஞ்சாவுக்கு அந்த வசதி இல்லை.

ஆகவே இந்த மாரியில் செய்ய வேண்டியதைச் சொல்லுகிறேன். அனேகமாக எல்லாம் உங்கள் வீட்டு மூத்தவர்களுக்குத் தெரிந்ததுதான்.

மழை தொடங்கியதும் வேலியை வெட்டாதீர்கள். தெருவுக்குக் குறுக்கே நீட்டுகிற கொப்பை மட்டும் தறித்தால் போதும். கார்த்திகை, மார்கழியில் எது எங்கே பூக்கிறது என்று பார்த்து, அந்தக் கதியாலில் ஒரு சீலைத்துண்டைக் கட்டி விடுங்கள். பிறகு தேடுகிற வேலை மிச்சம். தை பிறந்தபின் காய்கள் முற்றத் தொடங்கும். மாசி, பங்குனி வரை ஒவ்வொன்றாக வரும்.

தூதுவளைதான் எளிது. உருண்டைப் பழம் பச்சையிலிருந்து நன்றாகச் சிவந்தபின் பறியுங்கள். முள்ளில் கை கிழியும், பழைய சாக்குத் துண்டைக் கையில் சுற்றிக்கொள்ளுங்கள். பழங்களை ஒரு சிரட்டைத் தண்ணீரில் போட்டு விரலால் நசித்தால் சதையும் தோலும் மேலே மிதக்கும், தட்டையான முற்றல் விதை அடியில் தங்கும். மேலே மிதப்பதை வார்த்துவிட்டு, இரண்டு மூன்று தரம் கழுவிச் சுளகில் பரப்பி நிழலில் காயவிடுங்கள். கடதாசியில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும். மொசுமொசுக்கைக்கும் இதே முறைதான். கொவ்வையில் மட்டும் ஒரு விசயம் கவனிக்க வேண்டும்: ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. சில வீட்டு வேலியில் வருடக்கணக்காகப் பூத்துக்கொண்டே இருக்கும், ஒரு காயும் வராது. அது ஆண் கொடி. அதையும் வெட்டாதீர்கள். அடுத்த வளவுப் பெண் கொடிக்கு அதன் மகரந்தம்தான் போகிறது.

முடக்கொத்தான் சிறுபிள்ளைகளுக்குரிய வேலை. காற்றடைத்த பை போன்ற காயைப் பச்சையாக இருக்கும்போதே பட்டுப் பட்டென்று உடைத்து விளையாடுவார்கள். அதைக் கொஞ்சம் தடுத்து, காய் காய்ந்து மண்ணிறமாகிச் சரசரக்கும் வரை பொறுக்கச் சொல்லுங்கள். உள்ளே மூன்று அறை, அறைக்கு ஒரு விதை. விதை கறுப்பு உருண்டை, அதில் வெள்ளையாக இதய வடிவில் ஓர் அடையாளம், கையால் கீறி வைத்ததுபோல அவ்வளவு திருத்தமாக இருக்கும். அதைக் காட்டினால் போதும், அந்தப் பிள்ளை ஒழுங்கை முழுதும் போய்ப் பொறுக்கிக்கொண்டு வரும்.

குறிஞ்சாவுக்குத்தான் பொறுமை வேண்டும். காய் இரட்டையாகத் தொங்கும். முற்றி வெடிக்கிற அன்றைக்கு எருக்கலம் பஞ்சு பறப்பதுபோலப் பட்டு மயிரோடு விதையெல்லாம் காற்றில் போய்விடும். நீங்கள் காலையில் பார்த்துவிட்டு மாலையில் பறிக்கலாம் என்று போனால் வெறும் கோதுதான் இருக்கும். காய் பழுப்பு நிறத்துக்குத் திரும்பும்போதே ஒரு பழைய நைலோன் வலைத்துண்டையோ மெல்லிய சீலையையோ சுற்றிக் கட்டிவிடுங்கள். தவசிமுருங்கையும் இப்படித்தான் வெடித்துத் தெறிக்கும். முசுட்டைக்கு வேறு சிக்கல். விதை கிடைக்கும், ஆனால் தோல் தடிப்பு. விதைக்கும்போது அம்மியிலோ சீமெந்துத் தரையிலோ ஒரு பக்கத்தை மெல்ல உரசி, ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்தால்தான் ஒழுங்காக முளைக்கும். உரசாமல் விதைத்துவிட்டு "கெட்ட விதை" என்று ஏசுவதில் நியாயமில்லை.

கார்த்திகைப்பூவைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் விதையும் கிழங்கும் கடுமையான நஞ்சு. வற்றாளங்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்று உயிர்விட்டவர்கள் இலங்கையில் உண்டு. செம்மஞ்சள் விதை பார்க்க அழகாக இருப்பதால் பிள்ளைகளின் கையில் கொடுக்காதீர்கள். இலைக்கஞ்சிக்கான விதைகளோடு ஒரே தட்டில் காயவிடவும் வேண்டாம். தனிப் போத்தல், சிவப்பு எழுத்தில் "நஞ்சு" என்று எழுதி எட்டாத உயரத்தில்.

ஒரே கொடியில் எல்லா விதையையும் எடுக்காமல், நான்கைந்து வளவுகளில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். ஒரு கொடியின் பிள்ளைகளாகவே எல்லாம் இருந்தால் ஒரு நோய் வந்தால் எல்லாம் ஒன்றாகப் போகும். குருவிக்கும் பாதியை விட்டு வையுங்கள், இவ்வளவு காலம் வேலை செய்தது அதுதான்.

சேர்த்து வைப்பதில் எங்கள் ஆச்சிமாரின் கணக்கும் விஞ்ஞானத்தின் கணக்கும் ஒன்றுக்கொன்று முரணில்லை. விதையியலாளர் ஹரிங்டன் சொன்ன ஒரு பொது விதி உண்டு: விதைக்குள் உள்ள ஈரம் ஒரு வீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும், வைக்கிற இடத்தின் வெப்பம் 5 பாகை செல்சியஸ் குறைந்தாலும் அப்படியே. சாம்பலில் பிரட்டியதும், அடுப்பின் புகை படுகிற இடத்தில் குடுக்கையைத் தொங்கவிட்டதும் ஈரத்தையும் பூச்சியையும் விலக்கத்தான். இப்போது எரிவாயு அடுப்பில் புகை இல்லை. அதனால் மூடி இறுகிய கண்ணாடிப் போத்தல் எடுத்து, அரிசியைச் சட்டியில் நன்றாக வறுத்து, ஆறியதும் ஒரு சீலைத்துண்டில் பொட்டணமாகக் கட்டி அடியில் வையுங்கள், ஈரத்தை அது உறிஞ்சும். அதன்மேல் விதைப் பொட்டணங்கள். குளிர்சாதனப் பெட்டி இருந்தால் அதன் கீழ்த்தட்டில் வையுங்கள், உறைய வைக்கும் அறையில் வேண்டாம். பொட்டணத்தில் பெயர், எந்த ஒழுங்கை, எந்த மாதம் என்று பென்சிலால் எழுதுங்கள். மை கசிந்துபோகும். வேப்பம் விதைக்கு இந்த உபசாரம் எடுபடாது. பழம் விழுகிற ஆனி, ஆடியிலேயே விதைத்துவிட வேண்டும், சில கிழமைகளில் முளைதிறன் போய்விடும்.

வீட்டுத் தோட்ட மரக்கறி விதையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, உங்களில் பலர் எடுக்கிறவர்கள்தான். கடைப் பக்கெற்றில் வாங்கிய கலப்பின விதையின் காயிலிருந்து எடுத்தால் அடுத்த முறை தாயைப்போல வராது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியின் பெயரோடு விவசாயத் திணைக்களத்தின் பட்டியலில் தின்னவேலி ஊதாக் கத்தரியும் தின்னவேலி வெள்ளைப் பாகலும் இருக்கின்றன. விதை எடுக்க நல்லவை அப்படியானவைதான். வேதாளன் வெங்காயத்தைக் கட்டித் தூக்கி அடுத்த போகத்துக்கு வைக்கிற கமக்காரருக்கு நான் விதை பற்றிப் பாடம் சொல்லப் போவதில்லை.

இனி, சேர்த்த விதையை என்ன செய்வது? போத்தலில் பூட்டி வைத்தால் இரண்டு மூன்று வருடத்தில் பாதி செத்துப்போகும். கொடுக்க வேண்டும். இதில் எங்கள் ஆட்களுக்குக் கொஞ்சம் கை இறுக்கம். நல்ல புடலை விதையை அயலுக்குக் கொடுக்க மனம் வராமல் "விதை வைக்கேல்லைப் பிள்ளை" என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். கொடுத்துப் பெருக்குவதற்குத் தமிழ்நாட்டில் நெல் ஜெயராமன் காட்டிய வழி எனக்குப் பிடித்தமானது. திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடத்தினார். வருகிற கமக்காரருக்கு இரண்டு கிலோ பாரம்பரிய விதைநெல் கொடுப்பார். அடுத்த வருடம் அவர்கள் நான்கு கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். காசு கேட்கவில்லை. இப்படியே நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் இனங்கள் மீண்டும் வயலுக்குப் போயின. 2018 டிசம்பரில் அவர் இறந்துவிட்டார். கொடுத்து வாங்குகிற அந்தப் பழக்கம் நிற்கவில்லை.

எங்களுக்கு நெல் திருவிழா அளவுக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒவ்வொரு குறிச்சியிலும் ஒரு சனசமூக நிலையம் இருக்கிறது. பத்திரிகை வைக்கிற மேசைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி அலுமாரித் தட்டை விதைக்கு ஒதுக்கினால் போதும். ஒரு பொட்டணம் எடுத்தவர் அடுத்த தை, மாசியில் இரண்டு பொட்டணம் கொண்டுவந்து வைக்கட்டும். எடுத்தவர் பெயரை எழுத ஒரு கொப்பி. வாசிகசாலைக்கு வருகிற பென்சன்காரருக்கு இதைவிட நல்ல பொறுப்பு இருக்காது. மத்திய கல்லூரியிலும் புனித திரேசாள் மகளிர் கல்லூரியிலும் விவசாயம் படிக்கிற பிள்ளைகள் செயற்றிட்டம் என்று கடையில் பயறு வாங்கி முளைக்க வைப்பதைவிட, முசுட்டை விதையை உரசியும் உரசாமலும் விதைத்து எத்தனை நாளில் எத்தனை முளைத்தது என்று கணக்கெடுக்கலாம். அந்தக் கணக்கு எங்களுக்கும் உதவும்.

வெளிநாட்டிலிருந்து மதிலுக்குக் காசு அனுப்புகிறவர்களுக்கும் ஒரு சொல். இந்த மடலை வாசித்துவிட்டு, "அப்ப எனக்கும் கொஞ்ச விதை தாங்கோ, பெட்டிக்குள்ள வைச்சுக் கொண்டுபோறன்" என்று கேட்காதீர்கள். 2019 டிசம்பர் 14 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகிற விதைக்கெல்லாம் தாவர நலச் சான்றிதழ் வேண்டும், கனடாவும் பிரித்தானியாவும் இதில் இலகுவானவை அல்ல. அங்கிருந்து பூ விதைப் பக்கெற்றுகளை இங்கே கொண்டுவந்து அம்மாவின் முற்றத்தில் தூவிவிட்டுப் போவதும் வேண்டாம். பார்த்தீனியத்தோடு படுகிற பாடு போதும். நீங்கள் செய்யக்கூடியது இன்னொன்று இருக்கிறது. மதிலுக்கு அனுப்பப் போகிற காசில் ஒரு சிறு பங்கை, கோடிப்பக்கத்து வேலியை அப்படியே வைத்து அடைப்பதற்கு ஒதுக்குங்கள். தெருப்பக்கம் மதில், கோடிப்பக்கம் வேலி. கள்ளனுக்குத் தெருப்பக்கம் தடை, குருவிக்குக் கோடிப்பக்கம் இடம்.

சுற்றிவர மதில்தான் வேண்டும் என்று நிற்கிறவர்கள் மதிலுக்கு உள்ளே இரண்டடி தள்ளி ஐப்பசியில் சில கதியால்களை ஊன்றுங்கள். பழைய வேலியில் வெட்டுகிற கிளுவையும் பூவரசுமே போதும், விலைக்கு வாங்கத் தேவையில்லை. சேர்த்த விதையை அவற்றின் காலடியில் போட்டால் அடுத்த மாரியில் கொடி ஏறும். மதில் பழுதாகும் என்று மேசன் சொல்வார். கொடி ஏறுவது கதியாலில், மதிலில் இல்லை.

இவ்வளவும் எதற்கு என்று கேட்டால், 2022இல் பட்ட பாட்டை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை. அதற்கு முதல் வருடம் உரத்தைத் தடைசெய்ததில் விளைச்சலும் விழுந்துவிட்டது. 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். மரக்கறிக்கடைக்குப் போனவர்கள் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள். வேலி இருந்த வீடுகளில் ஒரு நேரக் கறிக்குக் காசு தேவைப்படவில்லை. எங்களுக்குக் கஷ்ட காலம் இனி வராது என்று அடித்துச் சொல்லக்கூடியவர் எவரும் அச்சுவேலியில் இல்லை.

மேசனுக்கு முற்பணம் கொடுத்துவிட்டவர்கள், இனிப் பொறுக்க முடியாது என்பவர்கள், வேலி பிரிக்கிற நாளை அயலவருக்கு முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். பிரண்டைத் தண்டையும் தூதுவளை வேரையும் அன்றே கிளப்பி வேறு வளவில் வைக்கலாம். அத்திவாரம் வெட்டும்போது கலப்பை வடிவில் கிழங்கு வந்தால் அது கார்த்திகைப்பூ, கையுறை போட்டு எடுத்துத் தனியே வையுங்கள். வேலியடி மேல்மண்ணை லொறியில் ஏற்றி அனுப்பாமல், சருகோடு சேர்த்து ஒரு சாக்கில் அள்ளி நிழலில் வையுங்கள். முதல் மழைக்கு அதை ஒரு மூலையில் கொட்டினால் அதில் கிடக்கிற முடக்கொத்தானும் சாறணையும் தானாகவே முளைக்கும்.

மற்றவர்கள் எல்லோரும் பங்குனி வரை கத்தியை எடுக்காதீர்கள். தூதுவளை சிவந்ததும் ஒரு சிரட்டையும் ஒரு போத்தலும் எடுத்துக்கொண்டு வேலிக்குப் போங்கள். பறிக்க நேரமில்லை என்றால் படலையைத் திறந்து விடுங்கள், நாங்கள் வந்து பறிக்கிறோம். எடுத்ததில் பாதியை உங்கள் வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவோம்.

இப்படிக்கு,
வேலி இன்னும் நிற்கிற ஒரு வளவிலிருந்து,
அச்சுவேலி.